மூன்றாம் கட்டிலுக்குச் சாம்பிராணி

டிஞ்சர் பென்சாயின் புட்டியின் மூடி எப்போதும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட் ஆவியாகிப் போனபின் கழுத்தில் தங்கிய பிசின் காய்ந்து, கண்ணாடி மூடியைப் பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி, சற்றுப் பொறுத்திருந்து, மெல்லத் திருக வேண்டும். அவசரப்பட்டால் மூடி வராது. கழுத்து உடைந்து கையோடு வரும். ஒருநாள் காலை நான் அப்படித் திருகிக்கொண்டிருந்தபோது, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே டாக்டரம்மா வந்து நின்றார். மூடி திறந்ததும் எழுந்த வாசனையை, கோவிலுக்குள் நுழைந்தவர் போல ஒரு கணம் கண்மூடி இழுத்தார். பிறகு உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார்.

“இது சாம்பிராணியேதானே?”

“அதேதான் டாக்டர். ஸ்பிரிட்ல ஊறப்போட்டு வடிகட்டினது. கொதிக்கிற தண்ணியில விட்டு ஆவி பிடிக்கிறதுக்கு.”

“இருமலுக்கு.”

“ஆமாம், இருமலுக்கு.”

“மனசுக்கு?”

நான் டிப்ளமோ படித்த பாடப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக மனத்தில் புரட்டிப் பார்த்தேன். சளியை இளக்கும், புண்ணில் கிருமியை அடக்கும், வெடித்த தோலை மூடும். மனம் என்ற சொல் எங்கும் இல்லை. “புத்தகத்துல இல்ல டாக்டர்” என்றேன். “இல்லைன்னா, பாத்துட்டு இல்லைன்னு சொல்லியிருக்காங்களா, யாருமே பாக்கலையா?” என்றார். யாருமே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றேன். “அப்போ கொஞ்சம் குடுங்க” என்று கையை நீட்டினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநர். ஊரார் வாயில் ‘கம்பவுண்டரம்மா’. பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். டாக்டரம்மா வேலூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் பெரியவர். பெரிய குரல், நின்றுகொண்டே டிபன் சாப்பிடும் பழக்கம், யார் எதைச் சொன்னாலும் “எப்படித் தெரியும்?” என்று கேட்கும் பழக்கம். புது மருந்து ஒன்று நன்றாகக் கேட்கிறதாம் என்று நான் சொன்னால், “யாருக்குக் கேட்டுச்சு? சாப்பிடாதவங்க என்ன ஆனாங்க?” என்பார். சாப்பிடாதவர்களைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. அவருக்கோ அந்த வரிசையில் எது விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்தால்தான் நிம்மதி. அதனால் நாங்கள் இருவரும் நன்றாக ஒத்துப்போனோம்.

அன்று அவர் சாம்பிராணியைத் தேடி வந்ததற்குக் காரணம் மூன்றாம் கட்டில் பெண். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சில நாள் கழித்துத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றியதும் ஈரக் கூந்தலைத் துண்டால் முறுக்கி விட்டுவிட மாட்டார்கள். மண்சட்டியில் தணல் போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூந்தலைக் கூடையின்மேல் பரப்பி, தணலில் சாம்பிராணி தூவுவார்கள். கூடைக் கண்களின் வழியாகப் புகை ஏறிக் கூந்தலுக்குள் புகுந்து வெளியே வரும். தலையில் நீர் கோக்காது என்பது முதல் காரணம். பிள்ளை பெற்றவளின் மனம் அலையாமல் ஒரு நிலைக்கு வரும் என்பது இரண்டாவது. முதலாவதை ஆண்களும் சொல்வார்கள். இரண்டாவதைப் பெண்கள் மட்டும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

எங்கள் வார்டில் தணலுக்கு அனுமதி கிடையாது. தலைமை நர்ஸ் சிஸ்டர் அதில் இரும்பு. ஒருபக்கம் ஆக்சிஜன் சிலிண்டர், ஒருபக்கம் ஸ்பிரிட், நடுவில் பச்சைக் குழந்தைகள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதன் பலன் வேறு மாதிரி இருந்தது. தலைக்கு ஊற்றும் நாள் நெருங்கியதும் பெண்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். தையல் ஆறியிருக்காது, காய்ச்சல் விட்டிருக்காது, ஊசி பாதியில் நிற்கும். டாக்டரம்மா வாசல்வரை ஓடி வாதாடுவார். குதிரை வண்டி நகர்ந்துவிடும்.

மூன்றாம் கட்டில் பெண் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டு மருமகள். பிரசவம் வீட்டில்தான் ஆயிற்று. அதன்பின் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தபோது தூக்கிக்கொண்டு வந்தார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது. பென்சிலின் ஊசி போடத் தொடங்கிச் சில நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அவள் இறங்கி வரவில்லை. கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பகலிலும் தூக்கம் இல்லை, இரவிலும் இல்லை. குழந்தையைப் பக்கத்தில் விட்டால் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப்போல் பார்ப்பாள். கேட்டால் ஒரே பதில்தான்: “வூட்டுக்குப் போறன்.”

மாமியார்க்காரி கட்டிலடியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே அந்தப் பதிலுக்குப் பின்பாட்டுப் பாடுவார். “பொகை காட்டாத தலைமா அது. அதான் இப்டி முழிச்சிக்கினு கெடக்குது. காச்சல்தான் வுட்டுப்போச்சே, இட்டுக்கினு போயி நாலு தணல் போட்டு ஆத்தினா எழுந்து ஒக்காந்துடுவா.”

“காய்ச்சல் விட்டா வியாதி விட்டுச்சுன்னு அர்த்தமில்லம்மா” என்றார் டாக்டரம்மா. “ஊசியை இப்ப நிறுத்தினா திரும்ப வரும். திரும்ப வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“நீ படிச்சவ, சொல்ற. நான் எட்டு பெத்தவ, சொல்றன்.”

இந்த வாக்குவாதத்தின் முடிவில்தான் டாக்டரம்மா என் ஜன்னலுக்கு வந்தார். புகைதானே உள்ளே வரக்கூடாது, வாசனை வரலாமே என்பது அவர் கணக்கு. கொதிக்கும் வெந்நீரில் டிஞ்சரை ஒரு கரண்டி விட்டேன். தண்ணீர் பால்போல் வெளுத்து, ஆவி எழுந்தது. வார்டு முழுக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்கள். நான் பாத்திரத்தை அவள் முகத்தருகே கொண்டுபோனேன். அவள் ஒரு தரம் மோந்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

“எங்க மாமனார்க்கு இதான் குடுத்தாங்க, கபத்துக்கு.”

அவ்வளவுதான். திரும்பச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டாள். மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சாம்பிராணித் தண்ணி காட்றியே கம்பவுண்டரம்மா, சாமிக்கு ஆவிதான் காட்டுவியா உங்கூர்ல?” என்றார். சிஸ்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பாத்தீங்களா? வாசனை அதேதான். வேலை செய்யல. இது ஒரு விஷயம்.” தோற்றதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை புருஷன்காரன் வண்டியோடு வந்துவிட்டான். மெலிந்த ஆள், தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் சற்று முன்னே வளைந்திருந்தது. மாமியார் மூட்டையைக் கட்டி வைத்திருந்தார். அந்தப் பெண் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, எங்களை யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய ஊசி தட்டில் காத்திருந்தது. டாக்டரம்மாவின் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு தளர்ச்சி இருந்தது. அழைத்துப் போனால் இந்தப் பெண் பிழைக்காமல் போகலாம் என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டார். அவன் தாயைப் பார்த்தான். தாய் மூட்டையைப் பார்த்தார்.

கடைசியில் டாக்டரம்மா, வேறு எதுவும் கேட்கத் தோன்றாதவர் போல, “சரி, வீட்டுல எங்க வச்சுப் போடுவீங்க புகை?” என்று கேட்டார்.

அவன் நெளிந்தான். “வூட்ல போட முடியாதுமா.”

“என்னது?”

“தறியில பால் நெறத்துப் பட்டு நூல் பாவு ஏத்திக்கினு இருக்கோம்மா. கல்யாணப் பொடவை. பொகை பட்டா பழுப்பு ஏறிடும், சரிகையும் மங்கிடும். அந்தப் பாவு எறங்கற வரைக்கும் வூட்ல சாம்பிராணி கெடையாது. கொசுவுக்குக்கூட போடறதில்ல.”

“டேய், வாய மூட்றா!” என்றார் தாய். “பக்கத்து வூட்ல போட்டுக்கலாம்னு நான் இருக்கறன்.”

“பக்கத்து வூட்லயும் தறிதான ஆடிக்கினு இருக்குது.”

“அந்தாண்ட வூட்ல?”

“நம்ம தெருவே தறிதாம்மா. உனுக்குத் தெரியாதா?”

எட்டுப் பிள்ளை பெற்ற அந்த அம்மாள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். புகைக்காக வீட்டுக்குப் போகிறோம் என்று நாள் முழுக்கச் சண்டை போட்டவருக்கு, அந்தத் தெருவிலேயே புகை போட இடமில்லை என்பது நினைவுக்கு வரவே இல்லை. மற்ற எட்டுத் தடவையும் தறியில் அடர்நிறப் பாவு இருந்திருக்கும். அரக்கிலும் பச்சையிலும் எந்தப் புகை தெரியப்போகிறது!

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று, “இங்கயே போட்டுக்குங்க” என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி வெளுக்கும் கல் இருந்தது. பக்கத்தில் படுக்கை விரிப்புகளை வேகவைக்கும் பெரிய அடுப்பு. அங்கே எப்படியும் தினமும் தணல் இருக்கும், கூரையும் இல்லை. “உங்க பாவும் பத்திரம், எங்க சிலிண்டரும் பத்திரம். ஆனா ஊசி முடியற வரைக்கும் அவ இங்கதான் இருப்பா. இன்னிக்கு ஊசி இப்பவே போடணும். சம்மதமா?”

“எங்க தணல்ல எதையாவது போட்டுப் புகை உள்ள வந்தா நான் லீவு போட்டுட்டுப் போயிடுவேன் டாக்டர்” என்றார் சிஸ்டர்.

“உள்ள வந்தா நானே தண்ணி ஊத்தி அணைக்கிறேன் சிஸ்டர்.”

நிபந்தனைகளைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. குழந்தை பக்கத்தில் இருக்கக்கூடாது. இளைப்பு உள்ளவர்கள் வரக்கூடாது. முகத்தைப் புகைக்கு நேரே காட்டக்கூடாது. தூவும் சாம்பிராணியை நான் முதலில் பார்க்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் மாமியார் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, சவாலாக என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒரு துண்டை நான் உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டு மெல்லச் சூடாக்கினேன். நல்ல சாம்பிராணியானால் குழாயின் மேல்பக்கத்தில் வெள்ளையாக ஊசி ஊசியாய்ப் படியும். எதுவும் படியவில்லை. டர்பன்டைன் வாடைதான் வந்தது.

“இது சாம்பிராணி இல்லம்மா. வேற மரத்துப் பிசின். விலை மலிவு.”

“எட்டுப் புள்ளைக்கும் இந்தக் கடையிலதான வாங்கிப் போட்டன்? எட்டும் நல்லாத்தான் இருக்குதுங்க.” பிறகு மகனை ஒரு பார்வை பார்த்தார். “ஒண்ணு இதோ, சரிகை மங்கிடும்னு சொல்லிக்கினு நிக்குது.”

ஸ்டோர் டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி கட்டிச் சாம்பிராணியை டாக்டரம்மாவின் அனுமதியோடு இடித்துக் கொடுத்தேன். முதலில் ஊசி. பிறகு மத்தியான வெயிலில், வெளுக்கும் கல்லருகே, மாமியார் தன் மருமகளின் தலைக்கு இதமான வெந்நீர் ஊற்றினார். மணையில் சாய்த்து உட்காரவைத்து, கவிழ்த்த கூடைமேல் கூந்தலைப் பரப்பினார். நீளமான கூந்தல், பல நாள் படுக்கையில் கிடந்து சிக்குப் பிடித்திருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு சிக்காக விரலால் பிரித்தார். சிக்கு எடுக்க எடுக்க வாய் ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் ஒரு முடியையும் இழுக்கவில்லை. இழை அறாமல் பிரித்துப் பழகிய விரல் அது. புகை கூடைக்குள் தேங்கி, கூந்தலின் ஊடே மெல்லக் கசிந்து, மேலே போய்க் கரைந்தது. வார்டு ஜன்னலில் மற்ற பெண்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

திட்டு பாதியில் நின்றது. மாமியார் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். அவள் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த அம்மாள் தன் தொடையை அவள் தலைக்குக் கொடுத்தபடி, கால் மரத்துப்போகும்வரை, வெயில் சுவர் ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். புருஷன்காரன் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். மூட்டையை யாரும் பிரிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. கண்விழித்ததும் அந்தப் பெண் கேட்டது, “கொயந்த எங்க?”

எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். மருந்தறைக்கு ஓடிவந்து, சாம்பிராணிக்கு மனத்தை அமைதிப்படுத்தும் குணம் உண்டு என்று ஒரு கட்டுரை எழுதலாமா டாக்டர் என்றேன். அவர் நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படித் தெரியும்?”

“கண்ணால பாத்தோமே!”

“என்ன பாத்தோம்? தூங்கினா. அது புகையா, வெந்நீரா, வெயிலா, மாமியார் மடியா? காய்ச்சல் விட்ட உடம்பு தானாவே கேட்ட தூக்கமா? எட்டுப் பிரசவத்துக்கும் அந்த அம்மா போட்டது வேற பிசின்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ அந்த எட்டுத் தடவையும் வேலை செஞ்சது எது?” ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். “அவ பிழைச்சா அது பென்சிலினால. பென்சிலினுக்கு அவ உடம்பு இங்க இருக்கணும். இருக்க வச்சது சாம்பிராணி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவே எனக்குப் போதும்.”

அன்றைக்கு எனக்கு அது சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஊசி தொடர்ந்த நாட்களில் மூன்றாம் கட்டில் பெண்ணுக்கு மறுபடியும் வெளுக்கும் கல்லருகே கூடை கவிழ்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் கேட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் அங்கே சாம்பிராணி போடுவது ஆஸ்பத்திரி வழக்கமாகவே ஆகிவிட்டது. சிஸ்டரே தணல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். அடுப்பிலிருந்து யார் எடுத்தாலும் சரியாக எடுப்பதில்லையாம். தலைக்கு ஊற்றுவதற்காக மூட்டை கட்டுகிறவர்கள் குறைந்தார்கள். இளைப்பு இருந்த ஒருத்திக்கு மட்டும் டாக்டரம்மா கண்டிப்பாக மறுத்துவிட்டார். அவள் அழுதாள். கூடை இல்லாமல் வெயிலில் உட்காரவைத்துச் சிக்கெடுத்து விட்டோம். அவளும் தூங்கினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியதோடு சரி.

இப்போது நான் சென்னையில் ஒரு மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சாம்பிராணி, குங்கிலியம், குந்துருக்கம் என்று பிசின் வகைகளின் மாதிரிகள் என் மேஜைக்கு வருகின்றன. எது எந்த மரத்தினது, எதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. அதை நான் தயங்காமல் சொல்வேன். குங்கிலியத்தை வெண்ணெயில் குழைத்துப் புண்ணுக்குப் போடுவதில் பொருள் உண்டா என்று கேட்டாலும் ஓரளவு சொல்வேன். இவை மனத்துக்கு நல்லதா என்று உறவுக்காரர்களும் தோழிகளும் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பேன். பிடித்திருந்தால் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தையையும் இளைப்பு உள்ளவரையும் தள்ளி வையுங்கள், தூக்கம் பல நாளாக வரவில்லை, வாழ்வே பிடிக்கவில்லை என்றால் புகையோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள் என்பேன். மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை முறையாக யாராவது ஆராய்ந்து பார்த்தால் முதலில் படிப்பவள் நானாக இருப்பேன். அதுவரை எனக்குத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. டாக்டரம்மா இப்போது தெற்கே எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். அங்கேயும் யாரையாவது “எப்படித் தெரியும்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம் கட்டில் பெண் கடைசி ஊசியும் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெளுக்கும் கல்லருகே பெண்கள் கூடியிருந்தபோது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஈரத் தலையை முடிச்சுப் போட்டிருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, மணையை இழுத்துப்போட்டு, கூடைமேல் தானே கூந்தலைப் பரப்பிக்கொண்டாள். தறியிலிருந்து பால்நிறப் புடவை இறங்கியாயிற்றா என்று கேட்டேன். அது இறங்கிவிட்டது, இப்போது வெளிர் ரோஜா ஏற்றியிருக்கிறார்கள், அதனால் இங்கேதான் வந்தாக வேண்டும் என்றாள். டாக்டரம்மா குழந்தையின் எடையைக் கைகளிலேயே தூக்கிப் பார்த்தார். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, காய்ச்சல் திரும்ப வந்ததா என்று கேட்டார். வரவில்லை. தூக்கம்? நன்றாக வருகிறது, இவன் விட்டால். எல்லாம் கேட்டு முடித்தபின்னும் அவர் போகவில்லை.

“ஒண்ணு கேக்கணும் உன்ன. அன்னிக்கு முதமுதல்ல இங்க தூங்கினியே. அத்தன நாளா வராத தூக்கம் அன்னிக்கு எப்படி வந்துச்சு? என்ன பண்ணுச்சு அந்தப் புகை?”

அவள் கூந்தலைக் கூடையிலிருந்து எடுக்காமலே யோசித்தாள். நான் குழந்தையோடு ஓரடி முன்னே போனேன்.

“ஒண்ணும் பண்ணலமா” என்றாள். “கண்ணு எரிஞ்சிது. மூடிக்கினேன்.”